நல்லா இருக்கேன்னு சொல்லு

சம்பளக் கணக்கில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. மற்ற இடத்திலெல்லாம் அவர் பீப்பீ அண்ணன்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் வேனை நிறுத்திக் குட்டையாக இரண்டு தரம் ஹாரன் அடிப்பார். பீப், பீப். மூன்றாவது தரம் அடிக்க மாட்டார். மூன்றாவது அடித்தால் அவசரப்படுத்துவதாக ஆகிவிடும். அவருடைய வேனில் ஏறுகிறவர்களை அவசரப்படுத்தினால் சிலர் திரும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். அப்புறம் தலைகீழாக நின்றாலும் அன்றைக்கு வெளியே வர மாட்டார்கள்.

வேனுக்கும் தெருவில் ஒரு பெயர் உண்டு. அது நல்ல பெயர் இல்லை. டீக்கடையில் யாராவது, "என்னண்ணே, பைத்தியக்கார வண்டி இன்னைக்கு லேட்டா?" என்று வாயைக் கிளறினால் அவர் கோபப்பட மாட்டார். கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, "என்ன செய்றது, ஊர்ல உள்ளவங்க எல்லாரையும் ஏத்த எடம் பத்தல. உனக்கு அடுத்த டிரிப்புல பாக்குறேன்" என்பார். கேட்டவன் அதற்குப் பிறகு டீயை மட்டும் குடிப்பான்.

பழைய நூலகக் கட்டடத்தின் பின்பக்கம் இரண்டு அறை, ஒரு முற்றம். அதுதான் மையம். மனம் கலங்கிப் பெரிய ஆஸ்பத்திரியில் படுத்து, ஓரளவு தேறி வீட்டுக்கு வந்தவர்கள் பகலில் அங்கே இருப்பார்கள். நர்ஸம்மா மாத்திரையைக் கையில் கொடுத்து, விழுங்கும்வரை கூடவே நிற்பார். வாரத்துக்கு ஒரு நாள் டாக்டர் வருவார். மற்ற நேரத்தில் மருந்துக்கடைகளுக்குக் காகித உறை ஒட்டுவார்கள், தொட்டிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள், மத்தியானம் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள், சும்மாவும் இருப்பார்கள். சும்மா இருப்பதற்கும் ஒரு மனிதனுக்கு இடம் வேண்டும். வீட்டில் இப்படி ஒருவரை வைத்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்கு எவ்வளவு விளக்கினாலும் ஏறாது.

எல்லாம் சர்க்கார் பணம். வருஷா வருஷம் யாரோ எங்கேயோ உட்கார்ந்து கையெழுத்துப் போட்டால் வேனுக்கு டீசல் வரும், நர்ஸம்மாவுக்குச் சம்பளம் வரும், மாத்திரை வரும். போடாவிட்டால் என்ன ஆகும் என்று யாரும் யோசித்ததில்லை.

வேனில் டிரைவர் சீட்டுக்குப் பின்னால், கதவோரம், பாப்பாவின் இடம். பாப்பா என்றதும் குழந்தை என்று நினைத்துவிட வேண்டாம், தலை பாதி நரைத்தவள். பீப்பீ அண்ணனின் கூடப்பிறந்த ஒரே தங்கை. சின்ன வயதில் செருப்புக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். கெட்டிக்காரி, வாயாடி. ஒருநாள் அலமாரிக்குப் பின்னால் நின்று எல்லாரும் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று சொன்னாள். பிறகு தெருவும் பேசுகிறது என்றாள். பிறகு வேலைக்குப் போகவில்லை. பிறகு அறையை விட்டே வரவில்லை. ஜன்னல் கண்ணாடி முழுக்கச் செய்தித்தாளை ஒட்டி வைத்துக்கொண்டு உள்ளேயே கிடந்தாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதும் திரும்பி வந்து மறுபடி அதே அறைக்குள் புகுவதுமாக வருஷங்கள் ஓடின. அவர் மனைவி, பாப்பாவுக்கு அண்ணி, சாப்பாட்டுத் தட்டைக் கதவடியில் வைத்துவிட்டு நகர்ந்தால்தான் அது உள்ளே போகும். அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை என்று சொன்னால் அது பொய். சுளித்தாள், அழுதாள், "நான் எங்கம்மா வீட்டுக்கே போறேன்" என்று பெட்டியைக்கூட எடுத்தாள். ஆனால் போகவில்லை. அதைத்தான் பார்க்க வேண்டும்.

அப்போது அவர் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். மையம் திறந்த வருஷம், டிரைவர் வேண்டும் என்று கேள்விப்பட்டு, லாரியில் வந்ததைவிடக் குறைந்த சம்பளத்துக்குச் சந்தோஷமாக வந்து சேர்ந்தார். நர்ஸம்மா வீட்டுக்கு வந்து, பாப்பாவின் சாத்திய கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கதவோடு பேசினார். நோயைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை. தக்காளி விலை, தன் முழங்கால் வலி, பக்கத்து வீட்டு நாய், இவ்வளவுதான். மாதக்கணக்கில் பேசினார். ஒருநாள் காலையில் வாசலில் பீப் பீப் கேட்டபோது கதவு திறந்தது.

வேனில் ஏறினாலும் பாப்பா பேசவில்லை. பிறகு ஒரு நாள் வாத்தியார் வீட்டு முன்னால் வேனின் கதவு இறுகிக்கொண்டது. வாத்தியார் என்பவர் முன்பு கணக்குச் சொல்லிக்கொடுத்தவர், இப்போது நாள் முழுக்கக் கை கழுவிக்கொண்டே இருப்பவர். பீப்பீ அண்ணன் இறங்குவதற்குள் பாப்பா தானே எழுந்து, கதவை ஓர் இழுப்பு இழுத்துத் திறந்து, "ஏறுங்க" என்றாள். அறையை விட்டு வந்த பிறகு பிறத்தியாரிடம் அவள் சொன்ன முதல் வார்த்தை. அவர் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். பார்த்தால் எங்கே நின்றுவிடுமோ என்று பயம்.

அன்றிலிருந்து கதவு அவளுடையது. ஆள் ஏறியதும் "ரைட்" என்பாள். அவள் ரைட் சொல்லாமல் வேன் நகராது. தோளில் ஒரு துணிப்பை மாட்டிக்கொண்டாள். அதில் சீப்பு, டிபன் டப்பா, உறை வெட்டிய மிச்சக் காகிதம். அந்தக் காகிதத்தைக் கிழித்து ஏறுகிறவர்களுக்கெல்லாம் டிக்கெட் கொடுப்பாள். குடைக்காரருக்கு மட்டும் இரண்டு டிக்கெட். அவர் வேனுக்குள்ளும் விரித்த குடையோடுதான் உட்காருவார். கூரையிலிருந்து ஏதோ ஒழுகுகிறது என்று அவருக்கு எண்ணம். "குடைக்கும் எடம் புடிக்குதுல்ல?" என்று பாப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். குடைக்காரர் அதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டார்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

ஒரு நாள் உறை ஒட்டும் மேஜையைச் சுற்றி எல்லாரும் இருக்கும்போது நர்ஸம்மா அவரைத் தனியாக முற்றத்துக்குக் கூப்பிட்டார். முகம் சரியில்லை.

"அண்ணே, மேலேருந்து ஒரு மேடம் வராங்களாம். இந்த வருஷம் பணம் எல்லா மையத்துக்கும் பத்தாதாம். நேர்ல பாத்துட்டுத்தான் யாருக்குக் குடுக்குறதுன்னு முடிவு பண்ணுவாங்களாம். நம்மள விட்டுட்டா என்ன பண்றது?"

பீப்பீ அண்ணன் சிரித்தார். "இதுக்கா பயப்படுறீங்க? வண்டிய டெஸ்டுக்கு விடுறது எப்படின்னு எனக்குத் தெரியாதா நர்ஸம்மா?"

அந்தச் சிரிப்பை நினைத்துத்தான் பின்னால் எத்தனையோ நாள் அவர் தன்னைத் தானே திட்டிக்கொண்டார்.

லாரிக்காரர்களுக்கு டெஸ்டு என்றால் தண்ணீர் பட்ட பாடு. ஓடத் தகுதியான வண்டிதான் என்று வருஷத்துக்கு ஒரு தரம் சான்று வாங்க வேண்டும். அதற்கு முன்னால் வண்டியைக் கழுவித் துடைத்து, துருப்பிடித்த இடத்தில் பெயிண்டைத் தடவி, வேறு வண்டியின் நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டுவார்கள். டேங்கில் கசிவு இருந்தால் சலவைச் சோப்பைத் தேய்த்து அடைப்பார்கள். ஆடும் கதவுக்கு அட்டையைச் செருகுவார்கள். அதிகாரி ஒரு சுற்றுச் சுற்றி வந்து, டயரை ஒரு தட்டுத் தட்டி, கையெழுத்தைப் போடுவார். சோப்பு காய்ந்து உதிரும்வரை வண்டிக்கு ஒரு குறையும் கிடையாது. நன்றாக இருக்கிறது என்று காட்டினால் ஓட விடுவார்கள். உலகத்தில் எல்லாச் சோதனையும் இப்படித்தான் என்று அவர் நம்பினார். நர்ஸம்மாவும் நம்பினார். நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்திருப்போம்? சட்டையை இஸ்திரி போட்டு மாட்டியிருப்போம்.

மையம் அல்லோலகல்லோலப்பட்டது. சுவருக்கு வெள்ளையடித்தார்கள். முடிவெட்டுகிறவரை வரவழைத்து எல்லாருக்கும் தலையைச் சரிசெய்தார்கள். வாத்தியார் கை கழுவுவது நோய் போலத் தெரியக் கூடாதே என்று அவரைக் குழாயடியில் காய்கறி கழுவ உட்கார்த்துவது என்று முடிவாயிற்று. "பாத்தீங்களா, இப்ப அது வேலை ஆயிடுச்சு" என்று பீப்பீ அண்ணன் மார்தட்டிக்கொண்டார். வாத்தியாருக்கே அந்த யோசனை ரொம்பப் பிடித்துவிட்டது. பீப்பீ அண்ணன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, அதிகாரியைப் போல மூக்கை நிமிர்த்தி, மேஜை மேஜையாக நடந்து, "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பார். "நல்லா இருக்கேன்" என்று ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். ஒத்திகையில் நர்ஸம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்த வாரம் போல மையம் என்றைக்கும் கலகலப்பாக இருந்ததில்லை.

பாப்பா மட்டும் வாயைத் திறக்கவில்லை. வேனில் வருகிறவர்களைத் தவிர வெளியாளிடம் அவளுக்குப் பேச்சு கிடையாது. வீட்டில் அவளை உட்கார வைத்துக் கெஞ்சினார்.

"பாப்பா, ஒரு மேடம் வருவாங்க. எப்படி இருக்கீங்கன்னு கேப்பாங்க. நல்லா இருக்கேன்னு சொல்லு. அவ்ளோதான்."

"எதுக்கு?"

"நீ சொன்னாத்தான் வேன் வரும்."

"சொல்லலேன்னா?"

"சொல்லலேன்னா வேன் வராது."

குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறவர்கள் பூச்சாண்டி வருவான் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரிதான் சொன்னார். பாப்பா அதை அப்படியே வாங்கி உள்ளே வைத்துக்கொண்டாள்.

அதிகாரி வரும் நாள் காலையில் அவர் ஒரு காரியம் செய்தார். யாரிடமும் கேட்காமல் செய்தார். குடைக்காரர் வீட்டு முன்னால் வேனை நிறுத்தவில்லை. குடைக்காரரை என்ன பழக்கினாலும் குடையை மடக்க மாட்டார், சில சமயம் கூரையைப் பார்த்து நாலு கெட்ட வார்த்தையும் சொல்லிவிடுவார். இரவல் டயர் மாட்டுகிற மாதிரிதான், ஒரு நாள்தானே என்று நினைத்துக்கொண்டார்.

வேன் மெதுவாகாததைப் பார்த்துக் கதவில் கையை வைத்திருந்த பாப்பா பதறினாள். "அண்ணா, குடை!"

"இன்னைக்கு அவருக்கு லீவு பாப்பா."

கண்ணாடியில் பார்த்தார். நல்ல வெயிலில், விரித்த குடையோடு, குடைக்காரர் கேட்டடியில் நின்றுகொண்டிருந்தார். வேன் எங்காவது போய் நிற்கும் என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் மையம் வரும்வரை பாப்பா ஓர் இடத்திலும் ரைட் சொல்லவில்லை.

மேடம் நல்ல மாதிரி. அதையும் சொல்லிவிட வேண்டும். அதட்டவில்லை, மூக்கைப் பிடிக்கவில்லை, கொடுத்த டீயை முழுக்கக் குடித்தார். செடிகளைப் பார்த்தார், உறைகளைத் தொட்டுப் பார்த்தார். வாத்தியார் கழுவிய கத்தரிக்காய் பளபளத்தது. கேட்டவர்களெல்லாம் நல்லா இருக்கேன் என்றார்கள். கடைசியாகப் பாப்பாவின் முன்னால் வந்து நின்று, "நீங்க எப்படி இருக்கீங்கம்மா?" என்று கேட்டார்.

பாப்பா துணிப்பையின் வாரைத் திருகினாள். அவள் தலையைத் திருப்பி அண்ணனைப் பார்த்தாள். பிறகு மேடத்தைப் பார்த்து, கணீரென்று, "நல்லா இருக்கேன்" என்றாள். அதோடு நிற்காமல், பையிலிருந்து ஒரு டிக்கெட்டைக் கிழித்து நீட்டினாள். மேடத்துக்கு மனம் நிறைந்துவிட்டது. அந்தக் காகிதத்தைத் தன் கைப்பைக்குள் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

கார் கிளம்பியதும் எல்லாரும் கைதட்டினார்கள். நர்ஸம்மா பாப்பாவைக் கட்டிக்கொண்டார். பாப்பா வெட்கத்தோடு நின்றாள், ஆனால் உதறவில்லை. பீப்பீ அண்ணன் வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதார். சந்தோஷத்தில்தான். வெட்கமில்லாமல் அழுதார்.

சில வாரம் கழித்து நர்ஸம்மா மறுபடி அவரை முற்றத்துக்குக் கூப்பிட்டார்.

"அண்ணே, மையத்தை மூடுறாங்க."

அவருக்குப் புரியவில்லை. "டெஸ்டுதான் பாஸாச்சே நர்ஸம்மா?"

"பாஸானதுதான் தப்பாப் போச்சு. இங்க எல்லாரும் நல்லா தேறிட்டாங்களாம். வீட்டுலயே இருக்கலாமாம். அதனால இந்தப் பணம் ரொம்ப மோசமா இருக்குற எடத்துக்குப் போகுதாம். நமக்கு இனிமே போன்ல விசாரிப்பாங்களாம்." அவர் புதிதாக வெள்ளையடித்த சுவரைப் பார்த்தார். "இவ்ளோ பாராட்டி எழுதி மூடி நான் பாத்ததே இல்லண்ணே."

"என் தலையில நானே மண்ண வாரிப் போட்டுக்கிட்டேனா?"

"நீங்க மட்டுமா? நானும்தானே சேர்ந்து வெள்ளையடிச்சேன்."

சும்மா விடவில்லை. டாக்டர் மேலே எழுதினார். வாத்தியாரின் பெண்டாட்டி, இன்னும் சில வீட்டுக்காரர்கள், நர்ஸம்மா, பீப்பீ அண்ணன் எல்லாரும் கூட்டமாக அலுவலகத்துக்குப் போனார்கள். உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், பரிசீலிப்பதாகச் சொன்னார்கள். யாராவது ஒருவர் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். எல்லாரும் மரியாதையாகக் கையை விரித்தால் யாரோடு சண்டை போடுவது? கிணற்றில் போட்ட கல்லாக விஷயம் அப்படியே கிடந்தது. நர்ஸம்மாவைத் தூரத்து ஊருக்கு மாற்றிவிட்டார்கள். வேன் அலுவலகத்துப் பின்பக்கம் வெயிலில் நின்றது.

பீப்பீ அண்ணனுக்கு வேலை போகவில்லை. அதுவும் ஒரு கூத்துதான். அந்த மேடத்தின் காருக்கே அவரை டிரைவராகப் போட்டார்கள். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வீடு. அண்ணி ஓர் அலுவலகத்தில் கூட்டிப் பெருக்கப் போகிறவள். பகல் முழுக்கப் பாப்பா தனி.

முதலில் சில நாள் அவள் வழக்கம்போல் குளித்து, தலை வாரி, பையை மாட்டிக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். வேன் இனி வராது என்று அவரும் அண்ணியும் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தார்கள். கேட்டுக்கொண்டாள், மறுநாளும் உட்கார்ந்தாள். பிறகு குளிக்காமல் உட்கார்ந்தாள். பிறகு உட்காரவும் வரவில்லை. ஒருநாள் அவர் வேலையிலிருந்து வந்தபோது பாப்பாவின் அறை ஜன்னலில் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. சாப்பாட்டுத் தட்டை அண்ணி மறுபடி கதவடியில் வைக்க ஆரம்பித்தாள். மாத்திரை தட்டோடு உள்ளே போனது. விழுங்கினாளா என்று நின்று பார்க்க யார் இருக்கிறார்கள்?

போன் வந்தது உண்மைதான். ஒரு பெண் கூப்பிட்டாள், அன்று அண்ணிக்கு லீவு, அவள்தான் எடுத்தாள். "அவங்ககிட்ட குடுங்கம்மா" என்றதும் கதவு இடுக்கில் போனை நீட்டினாள். அன்று இரவு அண்ணி புருஷனிடம் சொன்னாள். "என்னங்க, நாள் பூரா சுருண்டு கெடந்தவ, அந்தக் குரலக் கேட்டதும் எழுந்து நேரா உக்காந்து, நல்லா இருக்கேன்னு சொல்றா. அந்தப் பொண்ணு ரொம்ப சந்தோஷம்மான்னு வச்சிடுச்சு. அவ நல்லா இல்லைம்மான்னு நான் கத்துறேன், அதுக்குள்ள லைன் போச்சு."

மேடத்திடம் பேசலாமா வேண்டாமா என்று அவர் தினமும் தவித்தார். பின்சீட்டில் இருப்பவரிடம் டிரைவர் தானாகப் பேச்செடுப்பது அவருக்கு வழக்கமில்லை. குடைக்காரர்தான் அதற்கும் வழி செய்தார். ஒரு நாள் ரோடு வேலை நடந்ததால் காரை அந்தத் தெரு வழியாக விட வேண்டி வந்தது. குடைக்காரர் கேட்டடியில் விரித்த குடையோடு நின்றுகொண்டிருந்தார். தாடி மார்வரை வளர்ந்திருந்தது. கார் நெருங்கியதும் குனிந்து உள்ளே பார்த்தார்.

"யாரு அவரு? வெயிலும் இல்ல, மழையும் இல்ல" என்றார் மேடம். "பாவம், இந்தப் பக்கத்து மையத்துக்கு வந்தவரா? நான் பாத்த ஞாபகம் இல்லையே."

"அன்னைக்கு அவருக்கு லீவு மேடம்."

சொன்னதும் அவருக்கு மளமளவென்று வந்துவிட்டது. டெஸ்டு வண்டிக்குச் சோப்பு அடைப்பது போல எல்லாருக்கும் ஒத்திகை வைத்தது, வாத்தியாரைக் காய்கறி கழுவ வைத்தது, பாப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தது, இவரை விட்டுவிட்டுப் போனது, எல்லாவற்றையும் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார். மேடம் திரும்பிப் பின்கண்ணாடி வழியாகக் குடைக்காரரைப் பார்த்தார்.

"நான் நல்லதாத்தானே எழுதினேன்" என்றார் கடைசியில். அதிகாரியின் குரல் போல இல்லை. "மோசமா இருக்குன்னு எழுதியிருந்தா காப்பாத்தியிருக்கலாம். அந்தப் பணத்துல இப்ப வேற ஊர்ல ஒரு மையம் நடக்குது. அத நிறுத்திட்டு இங்க குடுன்னு நான் எப்படிக் கேப்பேன், சொல்லுங்க?"

அந்த வேறு ஊரிலும் ஒரு பாப்பா இருப்பாள்.

"ஒண்ணு செய்யலாம்" என்றார் மேடம். "போன்ல விசாரிக்கும்போது உங்க தங்கச்சி அவங்க வாயால நல்லா இல்லைன்னு சொல்லணும். அப்படிப் பதிவானா வாரா வாரம் வீட்டுக்கு நர்ஸ் அனுப்ப விதி இருக்கு. வீட்டுக்காரங்க சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. சொத்துக்காகக் கூடப்பிறந்தவங்களையே பைத்தியம்னு எழுதிக் குடுத்தவங்க இருக்காங்க, அதான்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. ஒரு வாக்கியம். ஒரே ஒரு வாக்கியம்தானே? முன்பு ஒன்றைச் சொல்லிக்கொடுத்தவருக்கு இன்னொன்றைச் சொல்லிக்கொடுக்க முடியாதா?

போன் வர வேண்டிய வாரம் அண்ணியையும் லீவு போடச் சொல்லி, தானும் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தார். பாப்பாவின் அறைக்கு வெளியே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, நர்ஸம்மா செய்தது போல, கதவோடு பேசினார். தக்காளி விலை சொன்னார். கார் ஏசியில் தனக்குச் சளி பிடித்ததைச் சொன்னார். இரண்டாம் நாள் கதவு ஒரு கை அகலம் திறந்தது. உள்ளே மூத்திர வாடையும் பழைய சோற்று வாடையும் அடித்தன. பாப்பா சுவரோரம் குறுகி உட்கார்ந்திருந்தாள். சிக்குப் பிடித்த தலை. நகங்களில் அழுக்கு. துணிப்பை மட்டும் மடியில் இருந்தது.

"பாப்பா, போன்ல கேப்பாங்கல்ல, இந்தத் தரம் நல்லா இல்லைன்னு சொல்லணும். சொல்லு பாப்போம். நல்லா இல்ல."

அவள் அவரையே பார்த்தாள்.

"சொல்லும்மா. நல்லா இல்ல."

"நல்லா இல்ல" என்றாள் மெல்ல.

"அவ்ளோதான்! இன்னொரு தரம்?"

"நல்லா இல்ல."

அண்ணியும் வந்து நின்றுகொண்டாள். அவர் மறுபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூக்கை நிமிர்த்தி, அந்த அறை வாசலில் நடந்து காட்டினார். "எப்படி இருக்கீங்க?" பாப்பாவின் உதடு லேசாகக் கோணியது. சிரிப்புதான். எத்தனையோ மாதம் கழித்துச் சிரிப்பு. "நல்லா இல்ல" என்றாள். கேட்ட போதெல்லாம் தப்பாமல் சொன்னாள். அன்று அவர் வயிறாரச் சாப்பிட்டார். "நர்ஸ் வர ஆரம்பிச்சா மாத்திரை ஒழுங்கா போகும். மாத்திரை போனா வெளிய வந்துடுவா பாரேன்" என்று அண்ணியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார்.

மறுநாள் முற்பகலில் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டு அவள் முன்னால் தரையில் வைத்தார்.

"வணக்கம்மா. மனநலத் தொலைபேசிச் சேவையிலிருந்து பேசுறேன். எப்படி இருக்கீங்க?"

பாப்பா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் சிக்குத் தலையை ஒதுக்கிக்கொண்டாள். பையின் வாரைத் தோளில் மாட்டினாள். அவர் சத்தமில்லாமல் உதட்டை அசைத்துக் காட்டினார், நல்லா இல்ல, நல்லா இல்ல. அவள் அவரைப் பார்த்தாள். பிறகு போனைப் பார்த்து, கணீரென்று சொன்னாள்.

"நல்லா இருக்கேன்."

"ரொம்ப சந்தோஷம்மா" என்றது போன்.

"அம்மா, வைக்காதீங்க, அவ..." என்று அவர் பாய்ந்து எடுப்பதற்குள் அது அடங்கிவிட்டது. திருப்பிக் கூப்பிட்டார். இந்த எண்ணுக்கு அழைக்க இயலாது என்று ஒரு பதிவுக் குரல் சொன்னது. மறுபடி கூப்பிட்டார், மறுபடி சொன்னது. போனைக் கையில் வைத்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் பாப்பா?" என்றார். கோபம்கூட வரவில்லை. "அவ்ளோ சொல்லிக் குடுத்தேனே. ஏன் பாப்பா?"

பாப்பா அவர் பக்கம் சாய்ந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னாள். விவரம் தெரியாதவருக்குப் பொறுமையாக எடுத்துச் சொல்லும் குரல்.

"நல்லா இல்லைன்னு சொன்னா வேன் வராதுண்ணா. நீ மறந்துட்டே."

சொல்லிவிட்டு எழுந்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டு, அவரைத் தாண்டி, அண்ணியைத் தாண்டி, கூடத்தைக் கடந்து போய் வாசற்படியில் உட்கார்ந்து பையை மடியில் வைத்துக்கொண்டாள். வெளிச்சத்தில் கண் கூசியதால் கையை மறைப்பாக வைத்துக்கொண்டு தெருக்கோடியைப் பார்த்தாள்.

அண்ணி அவரைப் பார்த்தாள். அவர் எழுந்து போய்த் தங்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவள் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தாள்.